மூணு ஃபோல்டர், ஒரே சர்வர்: ஒரு ப்ராஜெக்ட்டை ஏத்தினா இன்னொன்னு நின்னுடுது (டாக்கர் கம்போஸ்)

பாம்பன்கரை:
வணக்கம். மண்டபத்துல ஒரு மீன் கம்பெனிக்கு ஒரே உபுண்டு மெஷின்ல மூணு வேலை ஓடணும்: ஏலக் கணக்கு, ஐஸ் பிளாண்ட் இருப்பு, விசைப்படகுகளோட டீசல் பற்று. மூணுக்கும் தனித்தனி ஃபோல்டர். ஒவ்வொன்னுக்குள்ளயும் 'டாக்கர்'னு ஒரு சப்ஃபோல்டர், கம்போஸ் கோப்பு (எந்தெந்த சர்வீஸை எப்படி ஓட்டணும்னு டாக்கருக்குச் சொல்ற கோப்பு) அதுலதான் இருக்கு. எல்லாத்துலயும் 'ஏபிஐ' (கணக்கு ப்ரோகிராம்), 'டிபி' (டேட்டாபேஸ்)னு ரெண்டு சர்வீஸ், டிபி போஸ்ட்கிரெஸ். யூசர், பாஸ்வேர்டும் ஒன்னேதான்.

ஐஸ் ஃபோல்டர்ல 'அப்' (ஏத்துற கட்டளை) கொடுத்தா ஏலத்தோட கண்டெய்னர் (சர்வீஸ் ஓடுற தனிப் பெட்டி) போயிடுது. வர்ற ஐஸ் ஏபிஐயும் 'டேட்டாபேஸ் இல்லை'ன்னு விழுந்துடுது. இது போக, ஏல பில்லுல டீசல் பற்றைக் கழிக்கணும். ஏலம் ஏபிஐலேருந்து டீசல் ஏபிஐக்காக லோக்கல்ஹோஸ்ட் 8003-ஐக் கூப்பிட்டா இணைப்பு மறுக்கப்படுது. எங்கே தப்பு?

தொண்டி லினக்ஸ்:
கம்போஸ் கோப்பு இருக்கிற ஃபோல்டரோட கடைசிப் பேர்தான் ப்ராஜெக்ட் பேர். உங்க மூணுமே 'டாக்கர்'. அதனால கம்போஸ் கண்ணுக்கு அது ஒரே ப்ராஜெக்ட். சர்வீஸ் பேரும் ஒன்னா இருக்கிறதால, அமைப்பு மாறிடுச்சுன்னு நினைச்சு பழைய கண்டெய்னரை எடுத்துட்டுப் புதுசை வைக்குது.

வால்யூம் (டிபி தரவு இருக்கிற இடம்) பேருக்கு முன்னாலயும் ப்ராஜெக்ட் பேர்தான் ஒட்டும். அதனால ஐஸ் டிபி ஏலத்தோட தரவு மேலயே உட்காருது. போஸ்ட்கிரெஸ் தரவு ஃபோல்டர் காலியா இருந்தாத்தான் நீங்க கொடுத்த பேர்ல டேட்டாபேஸை உருவாக்கும். இங்க ஏற்கனவே தரவு இருக்கு, அதான் 'இல்லை'ங்குது.

ஒவ்வொரு கம்போஸ் கோப்போட தலையிலயும் 'நேம்' வரி போட்டு ஏலம், ஐஸ், டீசல்னு பிரிச்சிடுங்க. ஆனா அவசரப்படாதீங்க. பேர் மாறின உடனே புது வால்யூம் காலியாப் பிறக்கும், ஏலக் கணக்கு மொத்தமும் போயிட்ட மாதிரி தெரியும். உண்மையில பழைய வால்யூம் அப்படியேதான் இருக்கும். வரிசை இது: முதல்ல ஏலம் ஓடும்போது பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் தரவோட நகல்) எடுத்து வேற டிஸ்க்ல வைங்க. அடுத்து, பழைய பேர் இருக்கும்போதே 'டவுன்' (இறக்குற கட்டளை) கொடுங்க, '-வி' சேர்க்கவே கூடாது, சேர்த்தா வால்யூமும் அழிஞ்சிடும். அப்புறம் நேம் வரி. ஏலம் கோப்புல மட்டும் அந்தப் பழைய வால்யூமை முழுப் பேரோட 'எக்ஸ்டர்னல் ட்ரூ' (கம்போஸுக்கு வெளியில ஏற்கனவே இருக்கிறது)ன்னு குறிச்சா தரவு இடம் மாறவே வேண்டாம். எக்ஸ்டர்னல் வால்யூமை பின்னாடி யாராவது 'டவுன் -வி' கொடுத்தாலும் கம்போஸ் தொடாது.

பழைய டிபியும் புது டிபியும் ஒரே வால்யூம்ல ஒரே நேரத்துல ஓடிடக் கூடாது, தரவு கெட்டுடும். மாத்தினப்புறம் 'டாக்கர் கம்போஸ் எல்எஸ்' பாருங்க, மூணு பேரும் அததோட கோப்புப் பாதையோட தெரியணும். விடியக்காலை ஏல நேரத்துல இதைத் தொடாதீங்க. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கரையில நிக்கும். அதுவரை பொறுக்க முடிஞ்சா நல்லது.

கீழக்கரை நெட்:
டீசல் விஷயத்துக்கு: கண்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்தக் கண்டெய்னரேதான். 'டாக்கர் நெட்வொர்க் கிரியேட் கரை'ன்னு ஒரு நெட்வொர்க்கை ஒரு தடவை கையால உருவாக்கி, ஏலம், டீசல் ரெண்டு கோப்புலயும் எக்ஸ்டர்னல்னு அறிவிங்க. ரெண்டு ஏபிஐயையும் அதுல சேருங்க.

சர்வீஸ்ல 'நெட்வொர்க்ஸ்' எழுதின உடனே டிஃபால்ட் நெட்வொர்க் தானா வராது. 'டிஃபால்ட்', 'கரை' ரெண்டையும் எழுதலைன்னா ஏபிஐக்குத் தன்னோட டிபியே தெரியாமப் போயிடும்.

டிபியை 'கரை'ல சேர்க்கவே சேர்க்காதீங்க. ஒரே நெட்வொர்க்ல ரெண்டு 'டிபி' இருந்தா அந்தப் பேர் ரெண்டு முகவரியையும் தரும். ஏலத்தோட கேள்வி சில நேரம் டீசல் டிபிக்குப் போகும். எப்பவாவது மட்டும் வர்ற கோளாறு, கண்டுபிடிக்கிறது பெரும்பாடு. 'ஏபிஐ'ங்கிற பேருக்கும் இதே கதைதான், அதனால டீசல் ஏபிஐக்கு 'டீசல்-ஏபிஐ'ன்னு ஏலியாஸ் (மாற்றுப் பேர்) கொடுத்து அதையே கூப்பிடுங்க. போர்ட் 8003 வெளிப்பக்கத்துக்கு. உள்ள கூப்பிடும்போது கண்டெய்னர் கேட்கிற போர்ட்டையே போடணும்.

பாம்பன்கரை:
ரொம்ப நன்றிண்ணே. 'இன்க்ளூட்' போட்டு மூணையும் ஒரே கோப்புல இழுத்துட்டா ஏலம் ஏபிஐக்கு டிபென்ட்ஸ்-ஆன் (எது முதல்ல எழணும்ங்கிற வரிசை) கொடுக்கலாமே? இங்க கரண்ட் அடிக்கடி போகுது.

தொண்டி லினக்ஸ்:
வேண்டாம். இன்க்ளூட்ல மூணும் ஒரே ப்ராஜெக்ட் ஆயிடும், ஒரு 'டவுன்' மூணையும் இறக்கிடும். சர்வீஸ் பேர் மோதினாலும் ஏத்தாது.

கரண்டுக்கு டிபென்ட்ஸ்-ஆன் உதவாது. மெஷின் திரும்ப எழும்போது கண்டெய்னரைக் கிளப்புறது டாக்கர் டீமன் (பின்னணியில எப்பவும் ஓடுற டாக்கர்). அது 'ரீஸ்டார்ட்' கொள்கையை மட்டும்தான் பார்க்கும், கம்போஸ் வரிசை அதுக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் 'அன்லெஸ் ஸ்டாப்டு' (நாமளா நிறுத்தாத வரை திரும்பக் கிளப்பு) போடுங்க. டிபி கிடைக்கலைன்னா சில விநாடி விட்டுத் திரும்ப முயற்சி பண்ற மாதிரி ஏபிஐயை எழுதுங்க. டீசல் ஏபிஐ பதில் சொல்லலைன்னா ஏல பில் நிக்கக் கூடாது. பற்றுப் பகுதியை 'நிலுவை'ன்னு விட்டுட்டு பில் போகணும்.

கீழக்கரை நெட்:
டிபிக்கு வெளிப் போர்ட் கொடுத்திருந்தா எடுத்துடுங்க. பேக்கப்புக்குத் தேவைன்னா முன்னால 127.0.0.1 (இந்த மெஷினுக்குள்ள மட்டும்) போட்டுக் கட்டுங்க. டாக்கர் திறக்கிற போர்ட்டை உபுண்டுவோட யுஎஃப்டபிள்யூ (ஃபயர்வால்) தடுக்காது.