சக்கரம் வட்டம் தவறி ஓடுவதற்கு என்ன சொல்? 'சுழல்விலகல்', 'கோட்டம்', 'சில்லு நெளிவு'

மலேசியாவின் பிறை நகரிலிருந்து வாகனப் பயிற்சி ஆசிரியர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்கு வாகனப் பழுதுபார்ப்பு கற்பிக்கும் வகுப்புக்கான தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். பிக்கப் வண்டிச் சக்கரங்களைப் பற்றிய பாடத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றுவிட்டேன். செம்பனைத் தோட்டத்துப் பாதைகளிலும் சாலைக் குழிகளிலும் அடிபடும் வண்டிகளில் பெரும்பாலும் ரிம்மின் உள்விளிம்புதான் மடங்குகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை. வேகம் மணிக்கு 90 கிலோமீட்டரை நெருங்கும்போது ஸ்டீயரிங் நடுங்கும். பையன்கள் உடனே சக்கரத்தைக் கழற்றி பேலன்சிங் செய்து எடைத்துண்டு ஒட்டுகிறார்கள். எடை சமமாகிறது, வட்டம் சரியாவதில்லை, நடுக்கமும் போவதில்லை. மடங்கிய உலோகம், வட்டம் தவறிய ஓட்டம், சமமில்லாத எடை ஆகிய மூன்றும் வெவ்வேறு என்று நான் கற்பிக்க வேண்டும். பட்டறையிலோ எல்லாவற்றுக்கும் 'ரிம் பெங்கோக்' (மலாயில் 'பெங்கோக்' என்றால் வளைந்தது) என்ற ஒரே பேச்சுதான். இரண்டாவதற்கு, அதாவது ஆங்கிலத்தில் 'ரன் அவுட்' எனப்படுவதற்கு, ஒரு சொல் தாருங்கள். கிரிக்கெட் நினைவுக்கு வராத சொல்லாக இருந்தால் நல்லது.

செந்தூலிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். 'சுழல்விலகல்' என்று வைக்கலாம். இது வினைத்தொகை, சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் விலகல் என முக்காலத்துக்கும் பொருந்தும். நின்றிருக்கும் சக்கரத்தில் தெரியாமல், சுழற்றும்போது மட்டும் வெளிப்படும் குறை என்பதும் சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. மேலும் கீழுமாக விலகுவதை 'ஆரச் சுழல்விலகல்' என்றும் பக்கவாட்டில் விலகுவதைப் 'பக்கச் சுழல்விலகல்' என்றும் பிரிக்கலாம். ஆரம் என்பது கணிதப் பாடத்தில் மாணவர்கள் அறிந்த சொல்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

புதிதாகக் கட்டுவதற்கு முன் வீட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டாமா? 'கொடு' என்ற அடிக்கு வளைவு என்பது பொருள். கொடுவாளும் கொடுங்கோலும் அதிலிருந்து வந்தவை. அதுவே நீண்டு 'கோடு' ஆயிற்று. யானையின் தந்தம், மாட்டின் கொம்பு, மரத்தின் கிளை எல்லாம் வளைந்திருப்பதால் கோடு எனப்பட்டன. இன்று அடிகோல் வைத்து நேராக இழுப்பதையும் கோடு என்கிறோம் என்பது மொழியின் குறும்பு. ஓடு ஓட்டமானது போல, ஆடு ஆட்டமானது போல, கோடு கோட்டமாகிறது. 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' என்ற குறளை யாவரும் அறிவர். அதே குறளில் 'உட்கோட்டம்' என்றும் வருகிறது. வெளியிலிருந்து காண முடியாத உள்விளிம்பு மடிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் கிடைக்கும்? கோட்டம் நீக்குவதைச் 'செப்பமிடல்' எனலாம்.

அத்துடன், 'ரிம்' என்று எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் உப்பு வண்டியைச் சொல்லும் இடத்தில் 'கொழுஞ்சூட் டருந்திய திருந்துநிலை யாரத்து முழவின் அன்ன முழுமர வுருளி' என்று வருகிறது. சூட்டு என்பது விளிம்பு வட்டை, ஆரம் ஆரக்கால், உருளி சக்கரம். வடமொழிச் சக்கரமும் ஆங்கில ரிம்மும் நமக்கு எதற்கு?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஓர் அன்பர்:

எங்கள் பெரியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் சக்கரத்தைச் சில்லு என்றே சொல்வோம். 'சில்லு நெளிவு' என்றால் குழந்தைக்கும் விளங்கும். சூட்டுக்கு உரையாசிரியரைத் தேடிப் போக வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து டயர் கடைக்காரர்:

இலக்கணம் பேச எனக்குத் தகுதியில்லை, ஆனால் கோட்டம் என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே சைக்கிள் கடை வைத்திருந்த என் தகப்பனார், ரிம் நெளிந்த சைக்கிள் வந்தால் "கோட்டம் எடுக்கணும்" என்றுதான் சொல்வார். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓரத்தில் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்து, அது உரசும் இடத்தைக் குறித்துக்கொண்டு கம்பிகளை முறுக்குவார். ஆகவே ஐயா சொல்வது ஏட்டுச் சொல்லாக மட்டும் இருந்ததில்லை. அது கடைச் சொல்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சைக்கிளில் கம்பியை இறுக்கித் தளர்த்திக் கோட்டத்தை எடுத்துவிடலாம். பிக்கப்பின் அலுமினிய ஸ்போர்ட் ரிம்மில் முறுக்குவதற்குக் கம்பி இல்லை. 'கோட்டம் எடுத்தல்' என்றோ 'செப்பமிடல்' என்றோ கையேட்டில் அச்சடித்தால் பையன் சுத்தியலைத் தேடுவான். அலுமினியத்தைக் காய்ச்சி அழுத்தி நேராக்கினால் அதன் வலிமை குறையக்கூடும். விரிசல் கண்ட ரிம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆகவே 'கோட்டம் அளத்தல்' என்ற வினையை முதலில் கற்பியுங்கள். வண்டியை ஜாக்கில் உயர்த்தி, பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்து, நுண்ணளவு காட்டும் டயல் கேஜை முதலில் டயர்மீதும் பிறகு ரிம்மின்மீதும் வைத்துச் சுழற்ற வேண்டும். ரிம்முக்கு எல்லை பல வண்டிகளில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான்; சரியான அளவை அந்தந்த வண்டியின் கையேட்டில் பார்க்க வேண்டும். ரிம் சரியாக இருந்து டயர் மட்டும் தவறினால், டயரின் மேடு ரிம்மின் பள்ளத்தோடு சேரும்படி டயரைத் திருப்பி மாட்டினாலே பல நேரம் நடுக்கம் குறைந்துவிடும். ரிம்மில் அளவு மிகுந்தாலும் உடனே அதைக் குற்றம் சொல்லக் கூடாது. ரிம்மைப் பொருத்தும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் துரு இருந்தால் நல்ல ரிம்மும் கோணலாக உட்காரும். துருவைத் தேய்த்துவிட்டு, ஹைலக்ஸ் பிக்கப்பில் ஆறு போல்ட் இருப்பதால் ரிம்மை ஒரு துளை தள்ளி மாட்டி மீண்டும் அளக்கலாம்: மேடு ரிம்மோடு நகர்ந்தால் குறை ரிம்மில், நகராவிட்டால் ஹப்பில்.

செந்தூல் மொழிபெயர்ப்பாளர் மீண்டும்:

கடைக்காரர் ஐயாவின் விளக்கமே என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. கோட்டம் என்றால் வளைவு. வளைவு என்றால் உலோகம் கெட்டுவிட்டது என்றே மாணவர் நினைப்பார். வளையாத ரிம்மும் ஹப்பில் துரு இருந்தால் விலகி ஓடும் என்கிறாரே, அதற்கும் கோட்டம் என்றே பெயரா? தவிர, இன்றைய தமிழருக்குக் கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டமும் கண்ணகி கோட்டமும்தான் நினைவுக்கு வரும். 'முன்சக்கரத்தில் கோட்டம்' என்று படிக்கும் மாணவர் அங்கே கும்பாபிஷேகம் எப்போது என்று கேட்டால் நாம் என்ன சொல்வது?

பட்டர்வொர்த் கடைக்காரர்:

என் தகப்பனார் கடைக்கு வந்தவர்களில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை, அம்மா.

பிறை ஆசிரியர்:

நேற்றிரவு வரை வந்த மடல்களில் ஐவர் கோட்டத்தையும் இருவர் சுழல்விலகலையும் ஏற்றிருக்கிறார்கள்; பிரிக்பீல்ட்ஸ் அன்பர் சில்லைவிட்டு அசையவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் வடிவம் இது: உலோகம் மடங்கியிருப்பது 'நெளிவு'. சுழலும்போது அளவுக் கருவி காட்டும் விலகல், காரணம் எதுவானாலும், 'கோட்டம்'. அதில் 'ஆரக் கோட்டம்', 'பக்கக் கோட்டம்' என இருவகை. எடைக் குறைபாட்டுக்கு 'எடைச் சமனின்மை'. அம்மையார் எழுப்பிய ஐயம் நியாயமானது என்பதால், நெளிவில்லாமலும் கோட்டம் வரும் என்ற வரியைப் பாடத்தின் தொடக்கத்திலேயே தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன். சக்கரமும் ரிம்மும் அப்படியே நிற்கின்றன. ஆயர் ஈத்தாம் ஐயா பொறுத்தருள வேண்டும்.

ஆயர் ஈத்தாம் தமிழாசிரியர்:

பொறுக்கிறேன், ஆனால் ஒப்பவில்லை. இரண்டாம் பதிப்புக்கு முன் சூட்டைப் பற்றித் தனி மடல் எழுதுவேன். 'வட்டம்' வடசொல் என்று சென்ற ஆண்டு இங்கே ஒருவர் எழுதியதற்கும் நான் இன்னும் மறுமொழி சொல்லி முடிக்கவில்லை.