ஈரல் கலத்தில் ஏஎம்பிகே நொதியம்: சத்திக் குறைவை அளப்பதும் கொழுப்பைக் கட்டுப்படுத்துவதும் எவ்வாறு?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கும் தன் தந்தைக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கான் பார்த்துச் சொன்னார்கள் என்று கூறிய ஒரு மாணவி, கடந்த வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்த மாத்திரை ஈரலில் ஏஎம்பிகே என்ற நொதியத்தைத் தூண்டுகிறது என்றும், கலத்தின் சத்தி நாணயமான ஏடிபி குறையும்போதே அந்த நொதியம் செயற்படும் என்றும் அவள் வாசித்திருக்கிறாள். "அப்பாவின் உடலில் உணவு மிதமிஞ்சி இருக்கும்போது ஏடிபி எப்படிக் குறையும், ரீச்சர்?" என்பதே அவளுடைய கேள்வி. அரைகுறையாக ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கலத்தில் ஏடிபியின் அளவு பெரிதாக மாறுவதில்லை என்று நாமே கற்பிக்கிறோம். அப்படியானால் இந்நொதியம் குறைவை எதைக் கொண்டு அளக்கிறது? ஒரே நொதியம் கொழுப்பு ஆக்கத்தை நிறுத்தி, அதே வேளையில் கொழுப்பு எரிப்பைத் தொடங்கி வைப்பது எப்படி? அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

கோணேசபுரி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்.

இந்நொதியம் கவனிப்பது ஏடிபி எவ்வளவு இருக்கிறது என்பதை அன்று, அது செலவான பின் எஞ்சுவதையே. ஆயிரம் நெல் மூட்டைகள் அடுக்கிய களஞ்சியத்தில் பத்து மூட்டை குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூலையில் கிடக்கும் வெற்றுச் சாக்கு ஒன்றிலிருந்து பத்தாகப் பெருகினால் உடனே தெரியும். கலத்தில் அந்த வெற்றுச் சாக்குதான் ஏஎம்பி, அதாவது ஒரு பொசுபேற்று மட்டுமே எஞ்சிய மூலக்கூறு. ஏடிபி செலவாகி ஏடிபியை விட ஒரு பொசுபேற்றுக் குறைந்த அடினோசின் இருபொசுபேற்று சேரும்போது, அடினைலேற்றுக் கைனேசு என்ற நொதியம் அதன் இரு மூலக்கூறுகளை எடுத்து ஓர் ஏடிபியையும் ஓர் ஏஎம்பியையும் உண்டாக்குகிறது. இதனால், இருபொசுபேற்றுக்கும் ஏடிபிக்கும் இடையிலான விகிதம் மூன்று மடங்கானால், ஏஎம்பிக்கும் ஏடிபிக்கும் இடையிலான விகிதம் அதன் வர்க்கமாக, ஏறத்தாழ ஒன்பது மடங்காகிறது. சிறு குறைவு பெரிய அறிகுறியாக மாறும் இடம் இதுவே.

ஏஎம்பிகே ஆல்பா, பீற்றா, காமா என்ற மூன்று உபஅலகுகளால் ஆனது. காமா உபஅலகில் ஏடிபியும் ஏஎம்பியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஏஎம்பி அங்கே அமர்ந்ததும் நொதியத்தின் வடிவம் மாறி அதன் வேகம் கூடுகிறது. எல்கேபி1 என்ற இன்னொரு கைனேசு (பொசுபேற்றுச் சேர்க்கும் நொதியம்) ஆல்பா உபஅலகின் 172ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பொசுபேற்றுச் சேர்த்து ஏஎம்பிகேயை முடுக்குவதும் எளிதாகிறது. சேர்ந்த பொசுபேற்று எளிதில் கழற்றப்படாமலும் காக்கப்படுகிறது.

பாலையூற்று எழுதியது:

இரண்டாம் கேள்விக்கான விடை மலோனைல் கோஏ என்ற ஒரே மூலக்கூறில் இருக்கிறது. இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

அசற்றைல் கோஏ காபொட்சிலேசு என்ற நொதியம் ஏடிபியைச் செலவிட்டு மலோனைல் கோஏயை ஆக்குகிறது. கொழுப்பமிலத்தைக் கட்டும் கல் அதுதான். பாமிற்றிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் ஒன்றுக்கு 7 மலோனைல் கோஏ வேண்டும். அதே மூலக்கூறு, கொழுப்பமிலத்தை, அது எரிக்கப்படும் இடமான இழைமணிக்குள் அனுமதிக்கும் சிபிடி1 என்ற நொதியத்தைப் பூட்டியும் வைக்கிறது. இதை மக்காரி, ஃபொஸ்ரர் என்ற ஆய்வாளர்கள் 1977இல் காட்டினார்கள். கட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பையே மறுபக்கத்தில் எரித்து வீணாக்காதிருக்கக் கலம் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஏஎம்பிகே செய்வதெல்லாம் காபொட்சிலேசின் மீது பொசுபேற்றுச் சேர்த்து அதை அடக்குவதுதான். மலோனைல் கோஏ குறைந்ததும் கட்டுவதற்குக் கல் இல்லாமற் போகிறது, இழைமணியின் பூட்டும் திறக்கிறது. செலவு நிற்க, வரவு தொடங்குகிறது: உள்ளே சென்ற ஒரு பாமிற்றிக் அமிலம் முற்றாக எரிந்தால் நிகரமாக ஏறத்தாழ 106 ஏடிபி கிடைக்கும்.

காபொட்சிலேசை அடக்கும் கைனேசும், கொலஸ்திரோல் ஆக்கத்தை அடக்கும் கைனேசும் 1973இல் தனித்தனி ஆய்வுகளில் தென்பட்டன. இரண்டும் பின்னர் ஏஎம்பிகே எனப் பெயர் பெற்ற ஒரே நொதியமே என்று டண்டீ பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹார்டியின் குழுவினர் 1987இல் காட்டும் வரை அவை வேறு வேறாகவே கருதப்பட்டன.

நிலாவெளி வீதி எழுதியது:

மேலே எழுதிய இருவரும் சரியாகவே விளக்கியிருக்கிறார்கள். மாணவியின் கேள்வி மட்டும் இன்னும் விடையின்றி நிற்கிறது.

உணவு மிகுதியாக இருப்பதும் ஏடிபி மிகுதியாக இருப்பதும் ஒன்றல்ல. மெற்போமின் இழைமணியின் சுவாசச் சங்கிலியில் முதலாம் சிக்கல் என்ற புரதத் தொகுதியை மெல்லத் தடுப்பதாக 2000இல் அறியப்பட்டது. விறகு நிறைய இருந்தும் அடுப்பு மந்தமாக எரிவது போல, உணவு இருந்தும் ஏடிபி ஆக்கம் சற்றுத் தளர்கிறது, ஏஎம்பி கூடுகிறது. ஆனால் மாத்திரையின் பயன் முழுவதும் ஏஎம்பிகே வழியாகவே வருகிறது என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம். ஈரலில் ஏஎம்பிகே இல்லாத சுண்டெலிகளிலும் மெற்போமின் குளுக்கோசைக் குறைத்தது என்று 2010இல் காட்டப்பட்டது. மறுபுறம், ஏஎம்பிகே பொசுபேற்றுச் சேர்க்கும் செரீன் என்ற அமினோ அமிலத்தைக் காபொட்சிலேசில் மாற்றிவிட்ட சுண்டெலிகளுக்கு ஈரலில் கொழுப்பு ஏறியது. பருத்த நிலையில் மெற்போமின் கொடுத்தும் அவற்றின் இன்சுலின் உணர்திறன் தேறவில்லை என்று 2013இல் வெளியானது. ஆகவே கொழுப்பு சார்ந்த பயனுக்கு இவ்வழி தேவைப்படுகிறது என்றே நான் கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரற் கொழுப்பு நோயாளர்களில் நடத்திய 2005ஆம் ஆண்டு ஆய்வொன்றில், ஈரலின் கொழுப்பில் ஏறத்தாழ 59 வீதம் கொழுப்பிழையத்திலிருந்து குருதி வழியாக வந்ததாகவும், 26 வீதமே ஈரலில் புதிதாக ஆக்கப்பட்டதாகவும், 15 வீதம் உணவிலிருந்து நேரே வந்ததாகவும் காணப்பட்டது. ஆக்கத்தை மட்டும் நிறுத்தினால் காற்பங்குதான் அடைபடும். மெற்போமின் ஈரற் கொழுப்புக்கான மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. உடல் எடையில் 7 முதல் 10 வீதம் குறைப்பதே ஈரலைத் தேற்றும் என்று நன்கு நிறுவப்பட்டுள்ளது. அந்தப் பிள்ளையின் தந்தை மாத்திரையின் அளவைக் கிளினிக்கில் கேளாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதையும் தயவுசெய்து அவளிடம் சொல்லுங்கள்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வெற்றுச் சாக்கு உவமையையே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: விரத நாளில் ஈரல் கொழுப்பை எரிப்பதும் ஏஎம்பிகேயின் வேலைதானா?

பாலையூற்று எழுதியது:

அது தனியே செய்வதில்லை. விரதத்தில் இன்சுலின் தாழ்ந்து குளூக்ககன் உயர்கிறது. இன்சுலின் தாழ்வதால் கொழுப்பிழையம் கொழுப்பமிலத்தை வெளிவிடுகிறது. குளூக்ககன் ஈரலில் மலோனைல் கோஏயைக் குறைக்கிறது. ஓமோன்கள் உடல் முழுவதற்குமான செய்தியைக் கொண்டுவருகின்றன, ஏஎம்பிகே அந்த ஒரு கலத்தின் நிலையைப் பார்க்கிறது. இரண்டும் வந்து சேரும் இடம் அதே காபொட்சிலேசு.