ஜிஞ்சர் செத்தாளா, இல்லையா?

மேசைவிளக்கு (ஞாயிறு, காலை 10:12)
கோடை விடுமுறை வந்தால் போதும், ‘குழந்தைகள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல்கள்’ என்று யாராவது ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதில் மூன்றாவதோ நான்காவதோ ‘பிளாக் பியூட்டி’, பியூட்டி என்ற குதிரை தன் கதையைத் தானே சொல்லும் ஆங்கில நாவல். இவர்கள் அந்தப் புத்தகத்தைக் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. என் மகனுக்குப் பத்து வயது. சுருக்கப் பதிப்பெல்லாம் வேண்டாம் என்று 49 அத்தியாயமும் உள்ள முழுப் புத்தகத்தையே வாங்கிக் கொடுத்தேன். மெரிலெக்ஸ் என்ற மட்டக்குதிரை, குச்சியால் அடித்தபடி சவாரி செய்த பையனை, பின்னங்கால்களில் எழுந்து நின்று வழுக்கி விழவைக்கும் இடத்தில் சிரித்தான். பாலம் உடைந்திருப்பது தெரிந்து பியூட்டி இருட்டில் அசையாமல் நிற்கும் இடத்தை என்னிடம் வந்து படித்துக் காட்டினான். நாற்பதாம் அத்தியாயத்தில் மூடி வைத்தவன், பத்து நாளாகத் தொடவில்லை. பியூட்டியின் தோழியான ஜிஞ்சர் என்ற குதிரை செத்து, வண்டியில் தலை தொங்கப் போகிறாள். இதை எந்தக் குழந்தை ரசிக்கும்? பெரியவர்கள் தங்கள் சின்ன வயது நினைவை ரசித்துவிட்டுப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்.

குளம்படி (காலை 10:31)
ஜிஞ்சர் செத்தாள் என்று புத்தகத்தில் எங்கே இருக்கிறது? பதினான்கு முறை படித்திருக்கிறேன், என் கண்ணில் பட்டதில்லை. வண்டி நிற்குமிடத்தைக் கடந்து ஒரு செத்த குதிரையைக் கொண்டு போகிறார்கள். பியூட்டி பார்க்கிறது. அது ஜிஞ்சராக இருக்கும் என்று நம்புகிறது. அவளாகவே இருக்கட்டும், பட்ட பாடு தீர்ந்திருக்கும் என்று ஆசையும் படுகிறது. அவ்வளவுதான். ஒருவர் நம்புவது வேறு, நடந்தது வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர் பிள்ளைகளின் ரசனைக்குத் தீர்ப்பு எழுத வந்துவிட்டார்.

இருபிள்ளைத்தாய் (காலை 10:50)
எந்த வயதுப் பிள்ளைகளைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பேசலாமே. ஏழு வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றா? ‘ரசிப்பது’ என்றால் சிரிப்பது மட்டும்தானா?

மேசைவிளக்கு (காலை 10:58)
குளம்படி ஐயா, செம்பழுப்பு நிறம், நீண்டு மெலிந்த கழுத்து, நெற்றியில் வெள்ளைக் கோடு. இதற்கு மேல் என்ன வேண்டும், ஆதார் அட்டையா?

குளம்படி (காலை 11:20)
லண்டனில் செம்பழுப்புக் குதிரை ஒன்றே ஒன்றுதான் இருந்ததா? வாடகை வண்டிக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் ஓடிய ஊர் அது. பட்டினி கிடக்கிற குதிரை எதுவானாலும் கழுத்து மெலிந்துதான் இருக்கும். அந்த வரியில் இருப்பதும் ‘குதிரை’ என்ற பொதுச்சொல்தான், பெண்குதிரை என்று இல்லை. ஜிஞ்சர் பெண்குதிரை. மூலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ‘செத்தாள்’ என்று எழுதியதைச் ‘செத்திருக்கலாம்’ என்று திருத்திவிடுங்கள், நான் போய்விடுகிறேன்.

பழையபேப்பர் (காலை 11:26)
ஐயா போய்விடுகிறேன் என்று சொல்வது இந்த மன்றத்தில் எத்தனையாவது முறை?

நார்ஃபோக்வாசி (மதியம் 12:05)
ஒன்பது ஆண்டுகளாக இங்கிலாந்தின் நாரிச் நகரில் இருப்பவன் என்ற உரிமையில் நுழைகிறேன். நூலை எழுதிய அன்னா ஸ்யூவெல் பிறந்த கிரேட் யார்மத் வீடு இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். தேவாலயத்துக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு வீடு. இரண்டு முறை அதன் வாசலில் நின்றிருக்கிறேன். இங்கே பேசுகிறவர்களில் எத்தனை பேர் நின்றிருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். அவர் இதைக் குழந்தைகளுக்காக எழுதவே இல்லை. குதிரைகளை வைத்துப் பிழைப்பவர்களுக்காக, அவற்றிடம் அன்பாக நடந்துகொள்ளச் சொல்லி எழுதினார். 14 வயதில் வழுக்கி விழுந்து கணுக்காலைக் கெடுத்துக்கொண்டவர். பிறகு வாழ்நாள் முழுக்க எங்கே போவதானாலும் குதிரை வண்டிதான். 1871 முதல் 1877 வரை, பாதி நாள் படுக்கையில் கிடந்தபடி, எழுத முடிந்தபோது துண்டுத்தாளில் எழுதியும் முடியாதபோது தாய் மேரியிடம் சொல்லியும் முடித்த ஒரே நாவல் இது. நாரிச்சின் ஜாரல்டு பதிப்பகம் 40 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1877 நவம்பரில் புத்தகம் வந்தது, 1878 ஏப்ரலில் அவர் போய்விட்டார். ஆகவே பிள்ளைகள் ரசிப்பார்களா என்ற கேள்வியே தவறு.

குளம்படி (மதியம் 12:19)
வாசலில் நின்றதற்கு வாழ்த்துகள். உள்ளே போய் நாற்பதாம் அத்தியாயத்தைப் படித்தீர்களா? யாருக்காக எழுதினார் என்று நான் கேட்கவில்லை. வண்டியில் கிடந்தது யார் என்று கேட்டேன்.

பழையபேப்பர் (மதியம் 12:24)
அந்த அம்மையாருக்குக் கோபமெல்லாம் கடிவாளத்தின் மேல்தான். குதிரைக்குக் கடிவாளமே கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அதுவும் நடக்கிற காரியமா?

குளம்படி (மதியம் 12:52)
கடிவாளம் அல்ல! இந்தத் தவறைத் தமிழில் எல்லோரும் செய்கிறார்கள். கடிவாளம் வாயில் மாட்டுவது. புத்தகத்தில் அவர் சாடுவது குதிரையின் தலையைக் கீழே இறக்கவிடாமல் மேலே இழுத்துக் கட்டும் வாரை. வண்டியில் பூட்டிய குதிரை மேட்டில் ஏறும்போது தலையைத் தாழ்த்தி, தோளைக் கொடுத்து இழுக்க வேண்டும். இந்த வார் அதற்கு விடாது. தலை நிமிர்ந்திருந்தால் பார்க்க மிடுக்காக இருக்கும் என்று சீமாட்டிகள் கட்டச் சொல்வார்கள். முதுகும் மூச்சும் போய்விடும். பியூட்டியும் ஜிஞ்சரும் பிறகு விற்கப்பட்டுப் போன எர்ல்ஷால் மாளிகையில் சீமாட்டி வாரை ஒவ்வொரு துளையாக ஏற்றச் சொல்வதும், ஒரு நாள் ஜிஞ்சர் பொறுக்க முடியாமல் உதைத்துத் தள்ளுவதும் இதற்காகத்தான். அன்னாவின் சவ ஊர்வலத்துக்கு வந்த குதிரைகளுக்கே இந்த வார் கட்டியிருந்தது என்றும், தாய் மேரி அதைப் பார்த்துவிட்டுக் கழற்றச் சொன்னார் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதையெல்லாம் எட்டு வயதில் ஒரு மூச்சில் படித்தவன் நான். யாரும் என் தலையில் கட்டவில்லை. மேசைவிளக்கு, திருத்தினீர்களா?

தமிழாசான் (மதியம் 1:10)
வேறொரு திருத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது. ‘ஜிஞ்சர் செத்தாள்’, ‘அவள் பட்ட பாடு’. குதிரை அஃறிணை. ‘செத்தது’ என்றுதான் எழுத வேண்டும். பிள்ளைகள் படிக்கும் நூலைப் பற்றிப் பேசும் இடத்தில் திணை வழுவா?

இருபிள்ளைத்தாய் (மதியம் 1:22)
கதையைச் சொல்வதே குதிரைதான் ஐயா. தன் தோழியை அது ‘அவள்’ என்று சொல்லாமல் எப்படிச் சொல்லும்? அன்போடு சொன்னால் பசுவையும் ‘என் அம்மை வந்தாள்’ எனலாம், அது திணை வழுவமைதி என்று எங்களுக்குப் பள்ளியில் நன்னூலை வைத்தே சொல்லிக் கொடுத்தார்கள்.

தமிழாசான் (மதியம் 1:25)
உவப்பு இருந்தால் அமைதி. ஜிஞ்சர் மேல் மேசைவிளக்குக்கு உவப்பு இருப்பதாகத் தெரியவில்லையே.

மேசைவிளக்கு (மதியம் 2:40)
சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் இத்தனையா? குளம்படி ஐயா, ‘குதிரை என்றுதான் இருக்கிறது, பெண்குதிரை என்று இல்லை’ என்றீர்கள். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில், பூங்காவுக்கு வெளியே ஒரு பழைய வண்டி வந்து நிற்கிறது. அதில் பூட்டியிருப்பது எலும்பு தெரியும் கிழட்டுக் ‘குதிரை’. அங்கேயும் பொதுச்சொல்தான். அடுத்த நிமிடம் அது பேசுகிறது, பார்த்தால் ஜிஞ்சர்! அங்கே ‘குதிரை’ ஜிஞ்சராக இருக்கலாம், இங்கே இருக்கக்கூடாதா?

பழையபேப்பர் (மதியம் 2:44)
இது விழுந்த அடி.

குளம்படி (மதியம் 3:30)
அங்கே அவளே பேசுகிறாள், இங்கே பேசவில்லை.

பழையபேப்பர் (மதியம் 3:31)
செத்த குதிரை எப்படி ஐயா பேசும்!

குளம்படி (மதியம் 3:58)
நகைச்சுவைக்கு நன்றி. நான் சொல்வது இதுதான். அந்த இடத்தில் எழுதியவர் ‘அது ஜிஞ்சர்’ என்று முடித்திருக்கலாம். இரண்டே சொல். முடிக்கவில்லை. ஏன்? பியூட்டியால் உறுதியாகச் சொல்ல முடியாது. அது வண்டியில் பூட்டி நிற்கிற குதிரை, இறங்கிப் போய்ப் பார்க்க வழியில்லை. ஒரு வண்டி கடந்து போகிற நேரம்தான் அதற்குக் கிடைக்கிறது. பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பது இந்த இடம்தான். எட்டு வயதில், ஜிஞ்சர் எங்கேயோ ஒரு புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கிறாள் என்று நம்பியே மீதி ஒன்பது அத்தியாயத்தையும் படித்தேன். கடைசியில், முன்பு சிறுவனாக லாயத்தில் பியூட்டியைப் பார்த்துக்கொண்ட ஜோ கிரீன் வந்து நெற்றி நட்சத்திரத்தையும் வெள்ளைக் காலையும் பார்த்து பியூட்டியை அடையாளம் கண்டுகொள்கிறானே, அதுபோல் ஜிஞ்சரையும் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைத்தேன். ‘செத்தாள்’ என்று அடித்துச் சொல்கிறவர்கள்தான் பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறார்கள். உங்கள் மகன் புத்தகத்தை மூடியதற்குப் புத்தகம் காரணம் என்கிறீர்கள். அவனிடம் ‘ஐயோ பாவம், செத்துவிட்டதா’ என்று கேட்டது யார்? அந்த ஒரு சொல்லை மாற்றுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மேசைவிளக்கு (மாலை 4:15)
என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு என் மகனிடம் நான் என்ன கேட்டேன் என்று சொல்லாதீர்கள்.

குளம்படி (மாலை 4:22)
சென்ற ஆண்டு இதே மன்றத்தில் ‘பிளாக் பியூட்டியை எழுதியவர் தன் மனைவியிடம் சொல்லி எழுதவைத்தார்’ என்று எழுதியவர் நீங்கள். அன்னா பெண். திருமணமே செய்துகொள்ளாதவர். அன்றைக்கும் திருத்தச் சொன்னேன், இன்றுவரை அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. மறந்துவிடவில்லை.

மேசைவிளக்கு (மாலை 4:25)
அதற்காகத்தான் இவ்வளவுமா! சொல்லியிருக்கலாமே.

நார்ஃபோக்வாசி (மாலை 4:40)
அமெரிக்காவில் 1890-இல் ஜார்ஜ் ஏஞ்சல் இந்நூலைப் பதிப்பித்தபோது, அடிமை முறைக்கு எதிராக வந்த ஒரு புகழ்பெற்ற நாவலோடு ஒப்பிட்டு, குதிரைகளுக்கு இது அப்படிப்பட்ட புத்தகம் என்று விளம்பரம் செய்தார். ஆகவே, நான் முன்பே சொன்னபடி, பெரியவர்களுக்கானது.

பழையபேப்பர் (மாலை 4:41)
நீங்கள் இன்னும் வாசலிலேயே நிற்கிறீர்களா?

இருபிள்ளைத்தாய் (மாலை 5:30)
என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூத்தவளுக்கு ஒன்பது வயது. அந்த அத்தியாயம் வரும் இரண்டு பக்கங்களையும் சேர்த்து, தலையில் குத்தும் கிளிப்பைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். மஞ்சள் கிளிப், அதில் ஒரு வண்ணத்துப்பூச்சி. கிளிப்பைக் கழற்றாமலே அதற்குப் பிறகு புத்தகத்தை மூன்று முறை முதலிலிருந்து படித்திருக்கிறாள். முதல் முறை அழுதாள். செத்த குதிரைக்காக அழவில்லை. பூங்காவுக்கு வெளியே நிற்கும்போது காற்றில் உருண்டு வந்த ஒரு பிடி வைக்கோலை ஜிஞ்சர் கழுத்தை நீட்டிப் பொறுக்கித் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பாளே, அங்கே அழுதாள். அன்று இரவு தன் தட்டில் இருந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். இதற்கு ரசித்தாள் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா, எனக்குத் தெரியவில்லை.

குளம்படி (மாலை 5:41)
வைக்கோல் அல்ல, உலர்ந்த புல். வைக்கோல் நெல்லடித்த தாள். மற்றபடி அருமையான பதிவு. நான் சொன்னதையே உங்கள் மகளும் செய்திருக்கிறாள். அவள் கிளிப் போட்டதே ‘செத்தாள்’ என்பதை ஏற்காததால்தான்.

மேசைவிளக்கு (மாலை 5:44)
தலைகீழ். செத்தாள் என்று தெரிந்ததால்தான் கிளிப் போட்டாள். செத்திருக்கலாம் என்பதற்கு யார் கிளிப் போடுவார்கள்?

இருபிள்ளைத்தாய் (மாலை 5:52)
என் மகளின் கிளிப்பை விட்டுவிடுங்கள்.

தமிழாசான் (மாலை 6:05)
‘கிளிப்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது.

பழையபேப்பர் (மாலை 6:06)
வேண்டாம் ஐயா.

மட்டறுத்துநர் (மாலை 6:30)
நண்பர்களே, தலைப்புக்கு வாருங்கள். பிள்ளைகள் இந்த நூலை ரசிக்கிறார்களா என்பதுதான் திரியின் கேள்வி. தனிப்பட்ட தாக்குதல்களை நீக்க வேண்டியிருக்கும்.

குளம்படி (மாலை 6:48)
மட்டறுத்துநருக்கு வணக்கம். தலைப்பிலேயே இருக்கிறேன். இந்தக் கதையில் பியூட்டிக்கு எத்தனை பெயர் வருகிறது பாருங்கள்: டார்க்கி, பிளாக் பியூட்டி, பிளாக் ஆஸ்டர், ஜேக். கைமாறும்போதெல்லாம் வாங்குகிறவன் இஷ்டத்துக்குப் பெயர் வைப்பான், பழைய பெயரை யாரும் கேட்பதில்லை. உடம்பில் உள்ள அடையாளம் மட்டும்தான் கூட வரும். ஆகவே ஒரு குதிரையை நிறத்தையும் நெற்றிக் கோட்டையும் வைத்து...

மேசைவிளக்கு (மாலை 6:55)
...அடையாளம் காணலாம் என்று சொல்ல வந்தீர்கள். நன்றி. நெற்றியில் வெள்ளைக் கோடு. நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

குளம்படி (இரவு 7:02)
ஒப்புக்கொள்ளவில்லை! ஜோ கிரீன் நிதானமாகத் தடவிப் பார்க்கிறான். கழுத்தில் முன்பு இரத்தம் எடுத்த தழும்பைக்கூடத் தேடிக் கண்டுபிடிக்கிறான். அது அடையாளம் காண்பது. ஓடுகிற வண்டியை நின்ற இடத்திலிருந்து பார்ப்பதும் அதுவும் ஒன்றா?

பழையபேப்பர் (இரவு 7:15)
இந்தத் திரியைப் பிள்ளைகள் ரசிப்பார்களா என்று ஒரு திரி தொடங்கலாம் போலிருக்கிறது.

மேசைவிளக்கு (இரவு 9:20)
ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், யாரும் கொண்டாட வேண்டாம். எங்கள் தெருவில் இரண்டு மணி நேரமாக மின்சாரம் இல்லை. பையன் அவசர விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்திருக்கிறான். செய்வதற்கு வேறெதுவும் இல்லாததால்தான்.

குளம்படி (இரவு 9:21)
எந்த அத்தியாயம்?

மேசைவிளக்கு (இரவு 9:34)
சொல்வதாக இல்லை.

குளம்படி (இரவு 9:36)
சரி. குறைந்தபட்சம் முதல் பதிவில் ‘செத்தாள்’ என்பதைச் ‘செத்திருக்கலாம்’ என்று திருத்துங்கள். பையன் நாளைக்கு இதையும் படிப்பான்.

பழையபேப்பர் (இரவு 9:38)
ஐந்தாவது முறையாகக் கேட்கிறார்.

குளம்படி (இரவு 9:40)
நான்காவது. காலை 10:31-க்குக் கேட்டது கேள்வி, கோரிக்கை அல்ல.