ரெண்டு வாண்டுகளோட மூணு நாள் சிட்டி ட்ரிப்: போய் வந்தவங்க கொஞ்சம் யோசனை சொல்லுங்க

வணக்கம். பெரியவனுக்கு 5 வயசு, சின்னவளுக்கு ஒண்ணே முக்கால். அடுத்த மாசம் ஏதாவது ஒரு பெரிய நகரத்துக்குப் போயிட்டு வரலாம்னு இருக்கோம். ரெண்டு வயசு முடியறதுக்குள்ள போனா சின்னவளுக்கு ஃப்ளைட்ல தனி சீட் வேண்டாம், மடியிலயே வெச்சுக்கலாம். அதான் இந்த அவசரம் (வீட்டுக்காரரோட கணக்கு!).

போன தடவை ஒரு நாளைக்கு நாலு இடம்னு லிஸ்ட் போட்டுட்டுப் போனோம். மியூசியம் வாசல்ல போய் நின்னா, திங்கட்கிழமை லீவு. மெட்ரோல லிஃப்ட் ரிப்பேர். ஸ்ட்ரோலரை அவர் முன்னாடி, நான் பின்னாடி பிடிச்சுக்கிட்டு படி படியா ஏறறோம், உள்ள மகாராணி நிம்மதியா தூங்கறா. பெரியவனுக்கு அந்த ஊர்ல இன்னிக்கும் ஞாபகம் இருக்கிறது புறாக்கூட்டம் மட்டும்தான்.

அதனால இந்த முறை காலைல ஒரே இடம், மத்தியானம் ரூமுக்கு வந்து தூக்கம், சாயங்காலம் பார்க். அவ்வளவுதான்.

குழப்பமே தங்கறதுலதான். ஊர் நடுவுல சின்ன ரூமா, தள்ளி கிச்சனோட ரெண்டு ரூம் அபார்ட்மென்ட்டா? தள்ளி இருந்தா மத்தியானத் தூக்கத்துக்கு வந்து போறதுலயே பாதி நாள் போயிடும். ஒரே ரூம்னா எட்டு மணிக்கு லைட்டை அணைச்சிட்டு நாங்க பாத்ரூம்ல உட்கார்ந்து கிசுகிசுக்கணும். நீங்க எதை எடுத்தீங்க?

அப்புறம், ஸ்ட்ரோலரா, முதுகுல மாட்டற கேரியரா? திரும்பி வர நைட் ஃப்ளைட் எடுத்தா பசங்க தூங்குமா, இல்ல நம்மளைத் தூங்க விடாதா?