பழைய ரேஸ் கார்களின் பூர்வீகம் தேடியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சேஸி நம்பர் (காரின் அடிச்சட்டத்துத் தகட்டில் இருக்கும் எண்) கிடைத்தால் போதும், காரின் ஜாதகமே கையில் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அந்தக் காலத்து டீம்கள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் காரைக் கொண்டுபோக சுங்கப் பத்திரம் வேண்டும். பத்திரம் ஒரு காருக்கு, வண்டியில் ஏற்றியிருப்பது வேறு கார் என்றால், பத்திரத்தில் உள்ள காரின் தகட்டைக் கழற்றி, ஏற்றியிருக்கும் காரில் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதனால் எனக்குத் தகட்டைவிடப் பழைய படங்கள்மேல்தான் பிடிப்பு அதிகம்.

நண்பர் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை அனுப்பி "இது யார், என்ன கார்?" என்று கேட்டார். பின்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. திறந்த இரண்டு சீட் கார், கதவோரத்தில் மூன்று இலக்க எண், ஓரமாக வைக்கோல் கட்டுகள். 1950-களில் இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் கார் புறப்படும் நேரமே அதன் எண்ணாக இருந்தது. 1955-ல் ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய மெர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் காலை 7:22-க்குக் கிளம்பியது, அதனால் 722. இன்னொரு ஓட்டுநர் ஃபாஞ்சியோ 6:58-க்கு, அதனால் 658. நண்பர் படத்தில் இருந்த எண்ணையும் அப்படியே கடிகார நேரமாகப் படிக்க முடிந்ததால் அந்தப் பந்தயத்தின் பதிவுப் பட்டியல்களை வருடவாரியாகப் புரட்டினேன். ஓட்டியவர் பெயர் வந்துவிட்டது. ஆனால் அந்த மாடலில் எந்தக் கார் என்பது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. கையால் தட்டிச் செய்த அலுமினிய பாடி, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம், பானெட்டில் காற்றுத் துளை எத்தனை, ரிவெட் வரிசை எங்கே வளைகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (வீட்டில் திட்டு விழுவது தனிக்கதை).

* * *

மேலே எழுதியவருக்கு ஓட்டுநர் பெயர் சுலபமாகக் கிடைத்துவிட்டது, எனக்கு அங்கேதான் மாட்டிக்கொண்டது. 1962-ல் பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபெராரி 250 ஜிடிஓ கார் ஒன்றில் மூன்றாவதாக வந்தவர்கள் "பியூர்லிஸ்", "எல்டே". இந்தப் பெயர்களில் குடும்ப விவரம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முதலாமவர் ழான் பிளாத்தோன், இரண்டாமவர் லெயோன் டெர்னியே, இருவரும் பெல்ஜியத்துக்காரர்கள். எல்டே என்பது லெயோன் டெர்னியேயின் முதலெழுத்துகள், அவ்வளவுதான். 1955 லே மான்ஸ் கோர விபத்தில் இறந்த பியர் லெவேக்கின் சொந்தப் பெயர்கூட பூய்யேன். ரேஸ் ஓட்டிய மாமா வெல்கே தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு வைத்துக்கொண்ட பெயர் லெவேக், அதை மருமகன் எடுத்துக்கொண்டார். அதனால் இப்போதெல்லாம் பதிவுப் பட்டியலில் ஒற்றைப் பெயரோ மேற்கோள் குறியோ கண்டால் அது புனைபெயர் என்றே வைத்துக்கொண்டு தேடுகிறேன்.

* * *

சரி, காரும் கிடைத்தது, ஆளும் கிடைத்தார், ஆனால் இது அதே கார்தானா? நான் ஒரு காருக்காகப் பழைய ரசீதுகளைச் சேர்த்தபோது ஒருவர், இன்ஜின் மாறியிருக்கிறது, அதனால் இது போலி என்று ஒரே போடாகப் போட்டார். அவருக்கு நான் காட்டியது "ஓல்ட் நம்பர் ஒன்" என்ற பென்ட்லி ரேஸ் காரின் வழக்கை. 1929, 1930 இரண்டு வருடமும் லே மான்ஸ் ஜெயித்த கார் அது, இரண்டிலும் வூல்ஃப் பார்னாட்டோ ஓட்டினார். 1932-ல் அதில் எட்டு லிட்டர் இன்ஜின் ஏற்றினார்கள், அதே வருடம் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் ரேஸ் தளத்தில் அது விபத்தில் சிக்கி கிளைவ் டன்ஃபி இறந்தார், பிறகு மூடிய கூபேயாகக்கூட ஓடியது. 1990-ல் ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அசல் இல்லை என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-ல் இருந்த பாகங்கள் பெரும்பாலும் இல்லைதான், ஆனாலும் இடையில் எங்கும் அறுபடாமல் வந்த வரலாறு அதற்கு இருக்கிறது, அதனால் அது ஓல்ட் நம்பர் ஒன்னேதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. ரேஸ் கார் என்றால் உடையும், மாற்றுவார்கள். விபத்தில் நொறுங்கிய காரின் முன்பாதியை ஒருவரும் பின்பாதியை இன்னொருவரும் வாங்கி, இரண்டையும் முழுக் காராகக் கட்டி, இருவரும் ஒரே நம்பரைச் சொல்வதுதான் உண்மையான வம்பு. அப்படி ஒன்றில் யாராவது மாட்டியிருந்தால் எந்தக் காகிதத்தை வைத்து முடிவு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.