ஒரு நெபுலா, மூன்று ஃபில்டர், நாலு ராத்திரி

கொடைக்கானலிலிருந்து:

ரோசெட் நெபுலா என்ற, ரோஜாப் பூ வடிவ விண்வெளி வாயு மேகத்தைப் படம் எடுக்க நான் பட்ட பாட்டை எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். எழுதிவிடுகிறேன். நீங்களும் உங்கள் கதையைக் கீழே சொல்லுங்கள், நான் ஒருவன் மட்டும் அசடு வழிய வேண்டாம்.

திருவாதிரைக்குக் கிழக்கே கையை நீட்டி ஒரு முஷ்டி அளந்தால் ரோசெட் இருக்கும் இடம் வந்துவிடும். நம் ஊரில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேயே கடக்கும். அகலம், முழுநிலவைப் போல இரண்டரை மடங்கு. ஜனவரியில் இதைவிட வசதியான இலக்கு கிடையாது. என்னிடம் இருப்பது ஒரு கலர் கேமரா, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியான எச்-ஆல்ஃபாவையும் ஆக்சிஜனின் நீலப்பச்சை ஒளியான ஓ-த்ரீயையும் மட்டும் உள்ளே விடும் ஒரு டூயல்பேண்ட் ஃபில்டர். முதல் இரண்டு ராத்திரியும் வளர்பிறை. நிலவு இருந்தால் என்ன, குறுகிய அலைவரிசையை மட்டும் எடுக்கும் நேரோபேண்ட்தானே என்று மொட்டைமாடியிலேயே ஐந்தைந்து நிமிடமாக 44 படம் எடுத்தேன்.

அந்த 'என்ன' பாதிதான் சரி. எச்-ஆல்ஃபா 656.3 நானோமீட்டர், நல்ல சிவப்பு, அதனால் தப்பித்தது. ஓ-த்ரீ 500.7. நிலவொளி காற்றில் சிதறும்போது நீலமும் பச்சையும்தான் அதிகம் சிதறும். சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைப் பிரித்துப் பார்த்தால், சிவப்பில் பூ இதழ் இதழாக நிற்கிறது. மற்ற இரண்டிலும் மோரை ஊற்றிவிட்டதுபோல வெளிறல். இந்த ஊர்ச் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. இதே சிவப்பு நிறமாலைக் கோட்டில்தான் போன நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் அருமை எனக்கு மாடியில் உட்கார்ந்துதான் புரிந்தது.

சரி, அமாவாசையை ஒட்டி மன்னவனூர்ப் பக்கம் ஒரு தெரிந்தவர் தோட்டத்துக்குப் போனேன். ஓ-த்ரீக்காக டூயல்பேண்டில் மறுபடி இரண்டு மணி நேரம். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, சாதாரண ஆர்ஜிபியில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்த முழுநிறத்தில், ஒரு நிமிடப் படங்கள் 90. என் அமைப்பில் ஃபில்டர் டிராயர் கிடையாது, கேமராவையே கழற்றித்தான் மாற்ற வேண்டும். கை விறைத்துப்போயிருந்தது. திருகி மாட்டினேன், ஃபோகஸ் பார்த்தேன், எடுத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால், ஆர்ஜிபி மட்டும் ஏறக்குறைய 25 பாகை திரும்பிக் கிடக்கிறது. நான்கு மூலையும் போச்சு. இப்போது கேமராவிலும் டெலஸ்கோப்பிலும் ஒயிட்னரால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். இரண்டு கோடும் நேராக வந்தால்தான் திருகை இறுக்குவது. சிவப்பு டார்ச்சில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரியும், மார்க்கர் பேனா தெரியாது.

அடுத்து, சேர்ப்பது. முதலில் எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன்: ஆர்ஜிபியின் சிவப்பைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் எச்-ஆல்ஃபாவை வைத்தேன். நேரோபேண்டில் நட்சத்திரங்கள் சின்னதாகவும் மங்கலாகவும் விழும். பச்சையிலும் நீலத்திலும் அவை பெரிதாக இருக்க, சிவப்பில் மட்டும் சிறுத்துப்போக, ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் மயில்கழுத்து நிறத்தில் ஒரு வளையம். நடுவில் இருக்கும் என்ஜிசி 2244 கொத்தைப் பார்க்கவே சகிக்கவில்லை.

பிறகு சிரில் என்ற படச் செயலாக்க மென்பொருளில் ஒன்று ஒன்றாகச் செய்தேன். ஒவ்வொரு ராத்திரியின் ஸ்டேக்கிலும் (அடுக்கிச் சேர்த்த படத்திலும்) தனித்தனியாகக் கிரேடியன்ட்டை, அதாவது பின்னணி வானத்தின் ஏற்றத்தாழ்வான வெளிச்சத்தை, நீக்கினேன். மாடியில் எடுத்ததில் வத்தலக்குண்டு வெளிச்சம் ஒரு பக்கம் ஏறியிருந்தது, மன்னவனூரில் எடுத்ததில் அது இல்லை. சேர்த்த பிறகு எடுக்கப் போனால் எது யாருடைய அழுக்கு என்றே பிரிக்க முடியாது. அதன்பின், மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்கும் ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு முன்பே, எச்-ஆல்ஃபாவிலிருந்து ஆர்ஜிபியின் சிவப்பை ஒரு பங்கு கழித்தேன். அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் நட்சத்திரங்கள் கரைந்துகொண்டே வரும். ஓர் இடத்தில் கறுப்புக் குழியாக மாற ஆரம்பிக்கும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும். மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் ஹைட்ரஜன். அதைத்தான் சிவப்போடு கூட்டினேன், இடம் மாற்றி வைக்கவில்லை. ஓ-த்ரீயைப் பச்சைக்குக் கொஞ்சமும் நீலத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவும் கொடுத்தேன். ஸ்டார்நெட் என்ற மென்பொருளில் நட்சத்திரங்களை நீக்கிவிட்டு, ஆர்ஜிபி படங்களின் நட்சத்திரங்களை மட்டும் கடைசியில் ஸ்கிரீன் முறையில் மேலே போட்டேன். இப்போது கொத்து நீலவெள்ளையாக, இயல்பாக உட்கார்ந்திருக்கிறது.

நாலாவது ராத்திரி ஒரு கூத்து. நண்பரிடம் கந்தகத்தின் ஒளியை மட்டும் விடும் எஸ்-டூ ஃபில்டர் கடன் வாங்கினேன். ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி 1995-ல் எடுத்த கழுகு நெபுலாத் தூண்கள் மாதிரி கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம் என்று போட ஆசை. எட்டுப் படம் முடிந்ததும் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து மூடிவிட்டது. மொத்தம் 40 நிமிடம். கலர் கேமராவில் எஸ்-டூவைப் பார்ப்பது நாலில் ஒரு பிக்சல்தான். அதை இழுத்துப் பிடித்து மற்ற இரண்டுக்குச் சமமாக்கினால் வந்தது கந்தகம் இல்லை, இரைச்சல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை.

கோத்தகிரியிலிருந்து:

நீங்கள் உச்சிக்கு மேலே இருப்பதை எடுத்துவிட்டு அலுத்துக்கொள்கிறீர்கள். நான் எடுத்தது தெற்கு வானத்துக் கேரினா நெபுலா. டெல்லிக்காரர்களுக்கு அது அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் போகும், எங்களுக்கு 19 பாகை உயரம். கொடைக்கானலில் இன்னும் ஒரு பாகை கூடுதல், அனுபவியுங்கள். ஆனால் தெற்கே பார்த்தால் கீழே சமவெளி வெளிச்சம் மொத்தமும் குவிந்து நிற்கிறது. எல்லாம் எல்ஈடி ஆகிவிட்டதால் பழைய லைட் பொல்யூஷன் ஃபில்டர் இப்போது அலங்காரத்துக்குத்தான்.

அந்த உயரத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. காற்று மண்டலமே பட்டகம் மாதிரி வேலை செய்து, நட்சத்திரத்தின் ஓர் ஓரத்தைச் சிவப்பாகவும் எதிர் ஓரத்தை நீலமாகவும் பிரித்துவிடுகிறது. ஆர்ஜிபி படத்தை அப்படியே எச்-ஆல்ஃபா மேல் பொருத்தினால் ஒட்டவே ஒட்டாது. மூன்று சேனலையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எச்-ஆல்ஃபாவுக்குப் பொருத்தி, பிறகு மறுபடி சேர்த்தேன். ஓரங்கள் போய்விட்டன.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். ஃபில்டரை ஓ-த்ரீக்கு மாற்ற எழுந்தால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மூச்சுச் சத்தம். காட்டெருமை. டெலஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டுக்குப் பதினைந்து அடி இருக்கலாம். லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, சுவரோடு சுவராக நின்றேன். அது பாட்டுக்கு மேய்ந்தது. கேமராவும் அது பாட்டுக்கு எச்-ஆல்ஃபாவை எடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு முறை பவர் கேபிளை முகர்ந்து பார்த்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. நாற்பது நிமிடம் கழித்துத்தான் நகர்ந்தது. என் படத்தில் எச்-ஆல்ஃபா மட்டும் ஏன் இத்தனை சுத்தம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பழனி அடிவாரத்திலிருந்து:

அக்கா, அந்த மாடு கேபிளைக் கடிக்காதது உங்கள் அதிர்ஷ்டம். ஒரு சந்தேகம், கொடைக்கானல் அண்ணாவுக்கு. என்னிடம் இருப்பது கடையில் வாங்கியபடியே இருக்கும் டிஎஸ்எல்ஆர். அதில் எச்-ஆல்ஃபா ஃபில்டர் போட்டால் ஏதாவது வருமா?

கொடைக்கானலிலிருந்து:

வரும் தம்பி, ஆனால் காசு வீண். சென்சாருக்கு முன்னால் கம்பெனி வைத்திருக்கும் ஃபில்டரே 656-ல் பெரும்பகுதியை வெட்டிவிடும். மிஞ்சுவதிலும் சிவப்பு பிக்சல் நாலில் ஒன்று. இப்போதைக்கு ஓரியன் நெபுலாவை எடுங்கள், அது ஃபில்டரே கேட்காது. ஐந்து நொடி, முப்பது நொடி, இரண்டு நிமிடம் என்று மூன்று அளவில் எடுத்துச் சேர்த்துப் பழகுங்கள். வேறு வேறு தரவைப் பொருத்துவது, பின்னணியைச் சமன்செய்வது எல்லாம் அதிலேயே கைவந்துவிடும்.

ஊட்டியிலிருந்து:

தூசி நிழலையும் ஓர இருட்டையும் சரிசெய்ய எடுக்கும் ஃப்ளாட் படம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் ஒரே ஃபில்டரில் ஃப்ளாட் எடுத்து எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். எச்-ஆல்ஃபா ஃபில்டரில் ஒரு தூசி இருந்திருக்கிறது. ஓ-த்ரீயோடு சேர்த்ததும் நெபுலாவுக்குள் அழகான நீல வளையம். புது கிரக நெபுலா (சாகும் நட்சத்திரம் உதறிய வாயு வளையம்) கண்டுபிடித்துவிட்டேன் என்று அரைமணி நேரம் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துருவ நட்சத்திரம் எங்களுக்கு 11 பாகையில் யூகலிப்டஸ் மரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்கும் போலார் அலைன்மென்ட் தினமும் சண்டைதான். எங்கள் ஊர்ப் பக்கத்து முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ டெலஸ்கோப்பை, அதே 11 பாகைச் சரிவுள்ள மலையாகப் பார்த்து, அதன்மேலேயே கட்டிவிட்டார்கள். அச்சு தானாகவே பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. எனக்கு அந்த மாதிரி ஒரு மேடு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்து வீட்டு கேரட் தோட்டம். கேட்டுப் பார்த்தேன், அறுவடை முடியட்டும் என்கிறார்.