பறவைக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர்: காப்பது பண்பாடா, சட்டமா?

குளத்தங்கரை:
தீபாவளி நெருங்கினாலே எனக்குச் சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி நினைவு வந்துவிடும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் மிரண்டுவிடக் கூடாதென்று பல பத்தாண்டுகளாக அங்கே யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. வீட்டுக்கு ஒரு வனக்காவலரை நிறுத்தினாலும் இது நடக்குமா? காட்டுயிரைக் காப்பது ஊர்க்காரர் மனசுதான், சட்டம் அதற்கு அப்புறம்தான்.

வரப்போரம்:
அந்த ஊரை நானும் கும்பிடுகிறேன். ஆனால் ஊர் மனசு எல்லா உயிருக்கும் ஒரே மாதிரி இரங்குவதில்லை, அண்ணா. எங்கள் சேலம் பக்கம், வாழப்பாடி வட்டாரத்தில், பொங்கலையொட்டி வங்கா நரியை வலை வைத்துப் பிடித்து ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். கயிறு கட்டிக் கோயில் முன்னால் ஓடவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் விளைச்சல் பெருகும் என்று நம்பிக்கை. சின்ன வயசில் கூட்டத்தோடு நின்று நானும் பார்த்திருக்கிறேன். நரியின் வாயைக் கட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்தவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை, பக்தியோடுதான் செய்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வனத்துறை விதிக்கும் அபராதமும் இல்லையென்றால் அந்த நரிக்காக யார் பேசுவது? தேவாங்கும் அப்படித்தான். மாந்திரீகத்துக்கென்று அதைப் பிடித்துத் துன்புறுத்தியதும் நம் நம்பிக்கைதானே? 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ச் சரணாலயம் அறிவித்தபோதுதான் அதற்கென்று ஓர் இடம் கிடைத்தது.

குளத்தங்கரை:
நரி விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள்தான் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் எழுத்தாகவே உத்தரவு வாங்கினார்கள். அதே வேடந்தாங்கலில் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகக் குறைக்க 2020இல் யோசனை வந்தது. கொண்டுவந்தது யார்? காக்க வேண்டிய வனத்துறையே. எதிர்த்தது பொதுமக்கள்.

மருதம்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கள், நான் விவசாயி. வேடந்தாங்கல்காரர்களின் அன்பில் வயலும் கலந்திருக்கிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும். அதைப் பண்பாடு என்று மட்டும் சொன்னால் பாதியை மறைப்பதாகும்.

வரப்போரம்:
அப்படியானால் யூரியா மூட்டை வந்த பிறகு அந்த அன்பு என்ன ஆகும்?

மருதம்:
உரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஊர் இன்னும் பறவையை விடவில்லையே. பயனில் தொடங்கியது பழக்கமாகி, அப்புறம் ஊரின் மானமாகவே ஆகிவிட்டது. என் பயம் வேறு. கூடு கண்மாயில் இருந்தாலும் பறவை இரை தேடுவது சுற்றியுள்ள வயல்களில். அங்கே நாங்கள் பூச்சிமருந்து அடிக்கிறோம். அதைத் தடுக்கச் சரணாலயச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. பக்கத்து ஊர் விவசாயிக்கும் அந்த நாரை தன் ஊர் நாரை என்று தோன்ற வேண்டும்.

குளத்தங்கரை:
இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வரப்போரம், நரிக்கும் இந்த வழி இருக்கிறது. மரத்தில் ஒரு நரி செய்து அதையே ஊர்வலம் எடுக்கச் சொல்லிப் பெரியவர்களிடம் பேசிப் பார்க்கலாமே? சடங்கும் நிற்கும், நரியும் காட்டில் இருக்கும்.

வரப்போரம்:
பேசலாம். அடுத்த பொங்கலுக்கு முன்னால் எங்கள் மாமாவிடமே தொடங்குகிறேன், வலை கட்டுகிறவர்களில் அவரும் ஒருவர். ஆனால் ஊர் சம்மதிக்கும்வரை அபராதத்தைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன், அண்ணா. நாங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் வலையில் விழுகிற நரி காத்திருக்காது.